அச்சமும் நற்பாவனையும்

இன்னும் வாராததனை வந்ததுபோல மனத்தகத்தே கண்டு, அதனால் மகிழ்தலும் வருந்துதலும் மக்களுயிர்க்குச் சிறப்பாக அமைந்தனவாம். உழவன் விதையைத் தூவும்பொழுதே கதிரைக் காண்கின்றான். தாய் வயிறு வாய்த்தபொழுதே குழவியின் முகத்தைக் காண்கின்றாள். சிறுவனை ஏட்டின்முன் இருத்தும் உபாத்தியாயர், அவன் கற்றுவல்லனாய் நிற்கும் நாளைக் காண்கின்றார். இவ்வாற்றல் இல்லையாயின் விதைப்பாருமில்லை, கற்பாருமில்லை, கற்பிப்பாருமில்லை. ஆயின், இதே ஆற்றலே மனக்கலக்கம் என்னும் நோய்க்கும் பிறப்பிடமாய் நிற்கின்றது. நாளை கதிர் சாயும் என்றும், குழவி பிழையாது என்றும், பரீட்சையில் எழுதுகோல் ஓடாது என்றும் காண்பதுவும் அவ்வாற்றலே. விளக்கொளியே நிழலையும் ஆக்குதல்போல இஃது அமைந்தது என்க.

உபாத்தியாயர்களாகிய நமக்கு இந்நோய் அயலானதன்று. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சை அணுகும் நாட்களிற் பத்து வயதுச் சிறுவர் உணவு செல்லாதிருத்தலையும், க. பொ. த. பரீட்சை எழுதும் மாணாக்கர் இரவெல்லாம் விழித்திருந்தும் ஓரெழுத்தும் மனத்தில் நில்லாது வாடுதலையும் நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். பெற்றாரும் அயலாரும் கேட்கும் கேள்விகள் அக்கலக்கத்தை வளர்க்கின்றன. அந்நிலையில் அப்பிள்ளைகள் நம் முகத்தையே நோக்குகின்றார்கள். நாம் அவர்கட்கு யாது கூறுவது?

இக்காலத்துப் பலரும் கூறும் உபாயம் ஒன்றுண்டு. அஃதாவது, விரும்பிய பேறு கைகூடிவிட்டதாகக் கண்ணை மூடிப் பாவித்துக்கொள்ளின் அச்சம் தானே அகலும் என்பது. இஃது இன்று நேற்றுத் தோன்றியதன்று. பிரான்சு தேசத்து மருந்தாளராகிய எமில் கூயே (1857–1926) என்பார், நலம்பெற்று வருவதாகத் தமக்குத்தாமே நாடோறும் சொல்லிக்கொள்ளும்படி நான்சி நகரத்திலிருந்து பலர்க்கும் போதித்தார். 1920ஆம் ஆண்டுகளில் அவர் போதனை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிதும் பரவிற்று. அவர்க்குப் பின் வந்தோர் அதனைப் பலவாறு விரித்தனர். இவ்வுபாயம் பயன்படுவதோ என்பதும், பயன்படினும் வாய்மைக்கு ஒத்ததோ என்பதும் நம்முன் நிற்கும் இரு வினாக்கள். இவற்றை ஈண்டு ஆராய்வாம்.

ஆராயுமுன்னர் நம் பிழையொன்றைச் சொல்லுதல் முறையாகும். பல ஆண்டுகளின்முன் நம்மிடத்துக் கற்ற மாணாக்கன் ஒருவன், புகையிலைத் தோட்டஞ் செய்வார் ஒருவரின் மகன், கணிதம் என்னும் பெயரைக் கேட்ட அளவிலே கைகால் நடுங்குவான். அவன்மீது இரக்கங்கொண்டு நாம், “தம்பி, நாடோறும் படுக்குமுன் கண்ணை மூடி, பெறுபேறு ஒட்டிய பலகையின்முன் நிற்பதாகப் பாவித்துக்கொள். உன் பெயர்க்கு நேரே நல்ல புள்ளி இருப்பதை நன்றாகப் பார். அஞ்சாதே, அது நடந்தே தீரும்” என்றோம். அவன் நம் சொல்லைத் தெய்வவாக்காக ஏற்று அவ்வாறே செய்தான். நடுக்கம் நீங்கிற்று, முகம் தெளிந்தது. நாமும் நம் உபாயத்தை மெச்சிக்கொண்டோம். ஆனால், அவன் கணக்கேட்டின் தாள்கள் முன்னையினும் வெறுமையாகக் கிடந்ததனை நாம் நோக்கினோமல்லேம். பெறுபேறு வந்தது. கணிதத்தில் அவன் சித்தியெய்தவில்லை. அன்று மாலை நம் வீட்டு வாயிலில் வந்து நின்று, “ஐயா, நான் நாடோறும் கண்டது பொய்யா? அல்லது, நான் சரியாகக் காணவில்லையா?” என்று கேட்டான்.

முதல்வினா நம்மை நாணச் செய்தது. இரண்டாவது வினாவோ நெஞ்சைச் சுட்டது. கணிதத்திலே தவறியவன், பாவித்தலிலும் தான் தவறிவிட்டதாகத் தன்னையே நொந்துகொண்டான். அன்று அவனுக்கு விடைசொல்ல அறியாது வாளா இருந்தோம். இக்கட்டுரை காலந்தாழ்த்த அவ்விடையே ஆகும்.

இனி, முதல்வினாவிற்கு வருவாம். நற்பாவனை கலக்கத்தைத் தணிக்கும் என்பது உண்மையே. அதனை வெறுமாயம் என்று இகழ்வார் கூற்றுப் பொருந்தாது. கலக்கமுடையார் பெரும்பாலும் தம்முள்ளே ஓயாது பேசிக்கொண்டிருப்பர்; அப்பேச்சினிடையே தீய காட்சியொன்று தோன்றிய அளவில் உடலும் நடுங்கும். ஒரு தீங்கினைச் சொல்லால் எண்ணுதலினும் காட்சியாகக் காணுதல் அச்சத்தை மிகுவிக்கும் என்பதனை எமிலி ஹோம்ஸ், அன்ட்று மாத்தியூஸ் என்னும் உளநூலார் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வினாற் காட்டினர். தீக்காட்சிக்கு அவ்வலிமை உண்டாயின், நற்காட்சிக்கும் ஓர் வலிமை உண்டாதல் வேண்டுமன்றோ? பதஞ்சலி முனிவர் யோகசூத்திரத்தின் இரண்டாம் பாதத்திலே, தீய எண்ணங்கள் வந்து நலியும்போது அவற்றிற்கு மறுதலையானவற்றைப் பாவிக்கும் பிரதிபட்ச பாவனையை விதித்தமையும் இவ்விடத்து நினைக்கத்தக்கது.

2016ஆம் ஆண்டில் வெளிவந்த இலண்டன் ஆய்வொன்று இதனைத் தெளிவாக்கும். நீங்காக் கலக்கம் என்னும் நோயுடைய 102 பேரை மூன்று பகுதியினராக வகுத்தனர். கவலை எழுந்தபோதெல்லாம், முதற்பகுதியினர் அக்கவலைக்குரிய செயல் நன்றாய் முடிவதைக் காட்சியாகக் காணவும், இரண்டாம் பகுதியினர் அந்நன்முடிவையே சொற்களால் எண்ணவும், மூன்றாம் பகுதியினர் அக்கவலையோடு தொடர்பில்லாத வேறோர் இனிய காட்சியைக் காணவும் பயிற்றப்பட்டனர். ஒரு கிழமைப் பயிற்சியின்பின் மூன்று பகுதியினர்க்கும் கலக்கம் குறைந்தது. ஒருபகுதியினர்க்கும் மற்றொரு பகுதியினர்க்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. இதனாற் போந்த பொருள் யாது? மனம் கவலையின் சுழலினின்றும் எடுக்கப்பட்டு நல்லதொன்றன்மேல் வைக்கப்படுதலே ஆறுதலைத் தந்தது. ஆறுதல் வந்தமையால் நாம் கண்டது நடந்தே தீரும் என்பது பெறப்படாது. அம்மாணாக்கன் நடுக்கம் நீங்கினான் என்பதையே அவன் வெற்றிக்கு அறிகுறியாகக் கொண்ட நம் பிழை இவ்விடத்தே தொடங்கியது.

ஆறுதல் ஒருபுறமிருக்க, நற்காட்சியினால் வரும் கேடும் ஒன்றுண்டு. கபிரியேல எற்றிங்கன் என்னும் உளநூல் வல்லார், தோமஸ் வாடன் என்பாரோடு சேர்ந்து 1991ஆம் ஆண்டில் ஓர் ஆய்வினை வெளியிட்டார். உடற்பருமனைக் குறைத்தற்கு முயன்ற 25 பெண்களை ஓராண்டுக்குப் பின்னர் ஆராய்ந்தபோது, தம்மால் இது கூடும் என்று துணிந்தோர் பெரிதும் மெலிந்திருந்தனர். மெலிந்த தம் உருவை இன்பமாகப் பாவித்துத் திளைத்தோரோ குறைவாகவே மெலிந்திருந்தனர். துணிதல் வேறு, திளைத்தல் வேறு என்பதனை இவ்வாய்வு புலப்படுத்திற்று. துணிவு தன் முயற்சியையும் பழக்கத்தையும் அடியாகக் கொண்டு பிறப்பது. திளைப்போ அடியின்றி எழுவது. பின்னர் 2011ஆம் ஆண்டில் எற்றிங்கனும் ஹெதர் காப்பெஸ் என்பாரும், விரும்பிய பேறு கைவந்ததாகப் பாவித்தோரின் இரத்தவழுத்தம் தாழ்தலைக் கண்டு, ஊக்கம் தளர்தற்கு அதனை அறிகுறியாகக் காட்டினர். பேறு வந்துவிட்டதெனக் கருதி உடம்பும் இளைப்பாறத் தொடங்குகின்றது போலும். நம் மாணாக்கனின் கணக்கேடு வெறுமையாய்க் கிடந்ததன் காரணம் இதனால் விளங்கும். அவன் சோம்பினானல்லன். இரவுதோறும் வெற்றியை நுகர்ந்தவன் பகலில் அதனைத் தேடவேண்டிய இன்றியமையாமையை இழந்தான்.

அங்ஙனமாயின் பாவனையை முற்றாக விடுதல் வேண்டுமோ எனின், அன்று. எதனைப் பாவிப்பது என்பதே வினா. ஷெல்லி ரெயிலர் என்னும் உளநூலாரும் லியன் பாம் என்பாரும் கலிபோர்ணியாவிலே செய்து 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு நமக்கு மிகவும் பயன்படுவது. பரீட்சை எழுதும் மாணாக்கரையே அவர்கள் ஆராய்ந்தமையான் என்க. பரீட்சைக்குச் சில நாட்களின்முன் ஒருசாரார் நல்ல புள்ளி பெற்று மகிழ்ந்து நிற்பதாகவும், மற்றொருசாரார் அப்புள்ளி பெறுதற்கேற்றவாறு தாம் அமர்ந்து கற்பதாகவும் நாடோறும் பாவித்தனர். கற்கும் நெறியைப் பாவித்தோர் மிகுதியாகக் கற்றனர், புள்ளியும் உயர்ந்தது. வேலையை முன்னரே வகுத்துக்கொண்டமையும் கலக்கம் குறைந்தமையும் அதற்குக் காரணங்களென அவர்கள் கண்டனர். பயனைப் பாவித்தலினும் நெறியைப் பாவித்தல் சிறந்தது என்பதே அதனாற் பெறப்படும் பொருள்.

நம்மவர் நன்கறிந்த வரலாறொன்று இவ்விடத்துத் துணைசெய்யும். சேக்கிழார் சுவாமிகள் பாடியருளியதும், நாவலர் பெருமான் 1852ஆம் ஆண்டில் வசனமாக்கி வெளியிட்டதுமாகிய பெரியபுராணத்துள்ள பூசலார் நாயனார் வரலாறே அஃது. திருநின்றவூரிலிருந்த அவர் திருக்கோயில் கட்டுதற்குப் பொருள்தேடிப் பெறாமையால் மனத்தினாலே கட்டத் துணிந்தார். அவர் செய்த முறையை ஊன்றி நோக்குக. முடிந்து விளங்கும் கோயிலை ஒரு கணத்திற் பாவித்து அவர் அமைந்தாரல்லர். வேண்டிய பொருள்களையும் தச்சரையும் மனத்தால் தேடினார்; நன்னாள் நோக்கினார்; அடிநிலை இட்டார்; இரவிலும் உறங்காது வேலை செய்தார்; விமானம், சுதைவேலை, கிணறு, மதில், குளம் என ஒவ்வொன்றாக முடித்தபின்னரே பிரதிட்டைக்கு நாள் குறித்தார். காஞ்சியிலே கற்றளி எடுத்த காடவர்கோமான் குறித்த நாளும் அதுவேயாக, அவன் அந்நாளை மாற்றவேண்டியதாயிற்று.

பூசலார் பாவனை அன்பினால் எழுந்தது. அச்சம் நீங்குதற்பொருட்டு எழுந்ததன்று. அதனைப் பரீட்சைக்குரிய ஓர் உபாயமாகத் தாழ்த்துதல் நம் கருத்தன்று. ஆயினும், மனத்தாற் செய்யும் வேலைக்கும் ஒழுங்கும் உழைப்பும் காலமும் உண்டு என்பதனை அவ்வரலாறு போல விளக்குவது பிறிதில்லை. பாவனை என்பது உழைப்பினின்றும் தப்பிக்கொள்ளும் வாயில் என்று எண்ணும் மாணாக்கனுக்கு, அடிக்கல் முதற்கொண்டு எடுத்த அக்கோயிலைக் காட்டுதல் தகும்.

இனி வாய்மைபற்றிய வினா. நடவாததனை நடந்ததாகக் காணுதல் பொய்யாகாதோ எனின், காணுதல் மாத்திரையாற் பொய்யாகாது. சிற்பி கல்லினுள்ளே உருவத்தைக் காண்கின்றான். அவனைப் பொய்யன் என்பாரில்லை. “இது நடந்தே தீரும்” என்று ஒருவன் சொல்லும்போதே பொய் புகுகின்றது. பெறுபேறு என்பது பிள்ளையின் முயற்சியால் மாத்திரம் அமைவதன்று. வினாத்தாள் அமைப்பார், புள்ளியிடுவார், உடனெழுதுவார், அன்றைய உடல்நலம் எனப் பலவும் கூடி ஆக்குவது அது. அதற்கு நாம் பிணைநிற்றல் எங்ஙனம்? ஆனால், “இன்று மாலை ஆறுமணிக்கு விளக்கின்முன் இருந்து மூன்று கணக்குச் செய்வேன்” என்னும் காட்சி அத்தகையதன்று. அதனை மெய்யாக்குதல் பிள்ளையின் கையில் உள்ளது. மாலையில் அவன் அதனைச் செய்துமுடிக்கும்போது, காலையிற் கண்ட காட்சி மெய்யாகின்றது. தன் காட்சி மெய்யாகக் கண்டவன் மறுநாளும் காண்பதற்குத் துணிவு பெறுகின்றான்.

வள்ளுவனார் வாய்மைக்குக் கூறிய இலக்கணத்தைக் காட்டி, ஆறுதலின்பொருட்டுக் கூறும் பொய் குற்றமன்று எனச் சிலர் வாதிப்பர். அவர் வேண்டியது தீமை சிறிதும் இலாத சொல்லையன்றோ? நாம் கூறிய சொல் மூன்று திங்கள் இனித்தது; பின்னர் ஒரு சிறுவனைத் தன்னையே ஐயுறச் செய்தது. பயனை இறுதிவரை நோக்காது அச்சொல்லை வாய்மையின்பாற் சேர்த்தல் கூடாது.

இவையெல்லாம் கொண்டு வகுப்பிலே செய்யத்தக்கன சிலவற்றைக் கூறுதும்.

முதலாவது, அச்சத்தை மறைக்கச் சொல்லலாகாது. “அஞ்சாதே” என்றவுடன் அச்சம் நீங்குவதில்லை. அஞ்சுவது குற்றம் என்னும் புதிய அச்சமே சேரும். பரீட்சை தொடங்குமுன் தம் கவலைகளைப் பத்து நிமிடம் எழுதிய மாணாக்கர், முக்கியமாகப் பரீட்சையச்சம் மிக்கவர், நன்றாக எழுதினர் என்பதனை ஜெராடோ ராமிரெஸ், சையன் பைலொக் என்னும் இருவர் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. ஒரு தாளும் பத்து நிமிடமும் நம்மாற் கொடுத்தற்கு அரியனவல்ல.

இரண்டாவது, காணவேண்டியது வழி. பலகையில் ஒட்டிய பெயரை விடுத்து, பிள்ளை தான் ஏட்டைத் திறத்தலையும், அறியாத கணக்கொன்று எதிர்ப்படுதலையும், அதனைக் குறித்துவைத்து மறுநாள் உபாத்தியாயரிடத்துக் கேட்டலையும் காண்க. பரீட்சை மண்டபத்துள் நுழைதலையும், முதல்வினாவிற்கு விடை தோன்றாமையையும், உடனே கலங்காது மூச்சை மெல்ல விட்டு அடுத்த வினாவிற்குச் செல்லுதலையும் காண்க. தடையையும் காட்சியினுள்ளே சேர்த்தல் இன்றியமையாதது. விருப்பத்தையும் அதற்கு நேரும் தடையையும் அடுத்தடுத்து எண்ணுக என்பது எற்றிங்கன் கண்ட முறை. “இன்னது நேரின் இன்னது செய்வேன்” என்று முன்னரே வகுத்துக்கொள்வார் தம் எண்ணத்தை நிறைவேற்றுதல் எளிதாகும் என்பதனைப் பீற்றர் கோல்விற்சர் என்பாரும் 1999ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர்.

மூன்றாவது, மனத்தகத்தே காட்சி காண இயலாதாரும் உளர். அவ்வியல்பை அடம் சீமன் என்னும் நரம்புநூல் மருத்துவரும் அவரோடு சேர்ந்தாரும் 2015ஆம் ஆண்டில் பெயரிட்டு விளக்கினர். அத்தகைய பிள்ளை கண்ணை மூடினால் இருளையே காணும். அதனைக் குறைபாடென்று கருதவிடாது, சொல்லால் எண்ணும்படி கூறுக. சொல்லும் காட்சியும் ஒத்த பயனைத் தந்தன என்பதனை முற்கூறிய இலண்டன் ஆய்விலே கண்டோம்.

நான்காவது, தோல்வியின் மறுநாளையும் பிள்ளைக்குக் காட்டுதல் வேண்டும். இதனைக் கேட்ட அளவில், “நல்லதையே நினைக்கவேண்டும், கெட்டதை வாயாலும் சொல்லலாகாது” என்று பெற்றார் தடுப்பர். அவர் கருத்து அன்பினாலாயது. ஆயின், பிள்ளை அத்தோல்வியை இரவுதோறும் தனியே கண்டுகொண்டுதான் இருக்கின்றது. அக்காட்சி எப்பொழுதும் பலகையின் முன்னேயே நின்றுவிடுகின்றது. அதற்கப்பால் ஒன்றுமில்லை என்பதே அதன் கொடுமை. நாம் அதனைச் சிறிது நீட்டுவோமாக. அன்றும் தாய் சோறு போடுவாள், உபாத்தியாயர் முகங்கொடுப்பார், மறுமுறை எழுதுதற்கோ வேறு தொழில் கற்றற்கோ வழியுண்டு. இதனைக் காட்டுதல் தீங்கை அழைத்தலாகாது. அப்பக்கத்திலும் ஒரு விளக்கு வைத்தலாகும்.

இவ்வளவுங் கூறியபின், பாவனைக்கு எல்லையும் உண்டென்பதனைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று. பசியோடு வந்திருக்கும் பிள்ளையின் கலக்கத்திற்கு உணவே மருந்து. குடிகாரத் தந்தையை அஞ்சும் பிள்ளைக்குக் காவலே மருந்து. 2004ஆம் ஆண்டிற் கடல்கோளையும் 2009ஆம் ஆண்டுவரை போரையும் கண்ட நம் நாட்டிலே, வாராததனை அஞ்சுவோர் மாத்திரமல்லர், வந்துபோனதனை மறக்கமாட்டாது நடுங்குவோரும் உளர். அவர்களிடத்திற் கண்ணை மூடுக என்று சொல்லுதலே சிலபோது தீங்காய் முடியும். உறக்கமும் உணவும் பலநாள் ஒழிந்த பிள்ளையை உளமருத்துவரிடத்து அனுப்புதல் நம் கடமை. பிறர் நீக்கவேண்டிய துன்பத்தைப் பிள்ளை தன் பாவனையால் நீக்கிக்கொள்ளட்டும் என்று விடுதல், ஆறுதல் என்னும் பெயராற் செய்யும் கைவிடுதலாகும்.

அம்மாணாக்கன் மறுமுறை எழுதிச் சித்தியெய்தினான். அது நம் உபாயத்தாலன்று. அவன் அயலிலிருந்த ஒருவர் மாலைதோறும் அவனைத் தம் திண்ணையில் இருத்தி, அவன் பிழைவிடும் இடத்தைப் பொறுமையோடு காட்டிக் கணக்குச் செய்வித்தமையாலாம். நாளைய பலகையைக் காட்டிய நாம் அவனுக்கு உதவினோமல்லேம். இன்றைய கணக்கைக் காட்டியவர் உதவினார்.

இன்று அவன் நம் வாயிலில் வந்து மீண்டும் அவ்வினாவைக் கேட்பின் இவ்வாறு கூறுவோம்: “தம்பி, நீ கண்டது பொய்யன்று, அதற்கு நாம் பிணைநின்றதே பொய். நீ பிழையாகக் காணவுமில்லை. வழியைக் காட்டவேண்டிய நாம் ஊரைக் காட்டிவிட்டு இருந்துவிட்டோம்.” பரீட்சைக்காலம் ஆண்டுதோறும் வரும், நடுங்கும் பிள்ளைகளும் வருவர். நம் உபாத்தியாய நண்பர்கள் இதனை ஆராய்ந்து, தத்தம் மாணாக்கர்க்கு ஏற்றவாறு கொண்டு நடத்துவார்களாக.